அட்டெண்டன்ஸ் காசு

எங்கள் டீமில் பதினாலு பேர். டோர்னமெண்ட் என்ட்ரி ஃபீஸை பதினாலாகப் பிரித்துத்தான் கட்டுவோம். ஆடப்போவது பதினோரு பேர். மீதி மூன்று பேர் ஸ்கோர் எழுதணும், தண்ணி கேன் தூக்கணும், எதிர் டீம் நோ-பாலுக்கு எகிறினால் முதல் ஆளாகப் போய் நிற்கணும். கொடுங்கையூரில் டென்னிஸ் பால் ஆடுகிற எந்த டீமைக் கேட்டாலும் இதே கதைதான். குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகை வந்தால் ஃபைன் லெக்கில் நிற்கிறவன் கர்சீஃபைக் கட்டிக்கொள்வான், அவ்வளவுதான் எங்களுக்கு இருக்கும் கூடுதல் கஷ்டம்.

எங்கள் கேப்டனின் உண்மையான வேலை டாஸ் போடுவதோ ஃபீல்டு செட் பண்ணுவதோ கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளித்து ஜெர்சி மாட்டிக்கொண்டு வருகிறவனை உட்கார வைப்பது. அதை அவன் காலையில் செய்ய மாட்டான். சனிக்கிழமை ராத்திரியே போன் பண்ணிவிடுவான். வாட்ஸ்அப்பில் லிஸ்ட் போடுவதெல்லாம் அதற்கப்புறம். "மச்சி, நாளைக்கு உனக்கு ஆட்டம் இல்ல. பிட்ச்ல பந்து எகிறுது, ஃபாஸ்ட் போடுறவன் ஒருத்தன் எக்ஸ்ட்ரா வேணும். ஆனா நீ வா." கோபம் வரும். ஆனாலும் போவோம்.

இந்த டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் 2024 டிசம்பர் 18 அன்று பெரிய சண்டை. பிரிஸ்பேனில் மழையால் நின்று நின்று நடந்த டெஸ்ட் டிராவில் முடிந்ததும் ரோஹித் சர்மாவோடு பிரஸ் மீட்டுக்கு வந்து உட்கார்ந்த அஸ்வின், இனி சர்வதேச கிரிக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டார். ஐந்து டெஸ்ட் தொடரில் மூன்றுதான் முடிந்திருந்தது. மெல்போர்னும் சிட்னியும் பாக்கி. அடுத்த நாளே சென்னைக்கு வந்து இறங்கிவிட்டார். மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் மேளம், மாலை. எங்கள் குரூப்பில் ஒருத்தன் போட்டான்: "பாதி சீரிஸ்ல வுட்டுட்டு வர்றதா? இன்னா இருந்தாலும் டீமுக்கு விசுவாசம்னு ஒண்ணு வாணாமா?"

அந்த 'விசுவாசம்' என்ற சொல்தான் என்னை உறுத்தியது. யாருக்கு யார் மேல் இருக்க வேண்டியது அது?

அஸ்வின் 2011 நவம்பரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். முதல் மேட்சிலேயே ஒன்பது விக்கெட். கடைசியில் 106 டெஸ்ட், 537 விக்கெட், ஆறு சதம். இதில் இந்திய மண்ணில் மட்டும் 65 டெஸ்ட்டில் 383 விக்கெட். 2013 தொடங்கி 2024 வரை இந்தியா சொந்த மண்ணில் வரிசையாகப் பதினெட்டு டெஸ்ட் தொடர்களை ஜெயித்ததே, அந்தக் காலம் முழுக்க இன்னொரு முனையில் பந்து போட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான்.

ஃபிளைட் ஏறினால் கதை வேறு. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்கா 458 ரன்னைத் துரத்தி 450-க்கு ஏழு விக்கெட்டில் நின்றது. அந்த மேட்ச் முழுவதும் அஸ்வினுக்கு ஒரு விக்கெட்டும் விழவில்லை. அடுத்த டர்பன் டெஸ்ட்டில் ஜடேஜா வந்தார், ஆறு விக்கெட் எடுத்தார். அன்று ஆரம்பித்த அந்த இழுபறி பதினோரு வருஷம் ஓடியது. 2018-ல் அடிலெய்டில் ஆறு விக்கெட் எடுத்து, 31 ரன்னில் இந்தியா ஜெயித்த மேட்சில் ஆடியவர் அவர். அதன்பின் காயம். 2019 ஜனவரியில் சிட்னியில் குல்தீப் யாதவ் ஐந்து விக்கெட் எடுத்ததும், வெளிநாட்டில் இனி குல்தீப்தான் நம் நம்பர் ஒன் ஸ்பின்னர் என்று அன்றைய கோச் ரவி சாஸ்திரி வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்டபோது நொறுங்கிப் போனேன் என்று அஸ்வின் பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். எல்லோரையும் தடவிக் கொடுப்பது கோச்சின் வேலை இல்லை என்கிற அர்த்தத்தில் சாஸ்திரி பதில் கொடுத்தார். நியாயம்தான். கோச் தடவிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் முதலில் சம்பந்தப்பட்டவனிடம் சொல்வதற்குப் பெயர் தடவிக் கொடுப்பதா என்ன?

2021-ல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட். உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த பவுலர் நான்கிலும் வெளியே. 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. இப்போது முதலிடத்தில் இருக்கிற பவுலர், மறுபடியும் வெளியே. ஆஸ்திரேலிய வரிசையில் அத்தனை இடதுகைக்காரர்கள். அதில் ஒருவரான டிராவிஸ் ஹெட் 163 அடித்தார். 209 ரன்னில் தோல்வி. நம்பர் ஒன் பவுலரை எப்படி உட்கார வைத்தார்கள் என்று டெண்டுல்கரே வெளிப்படையாகக் கேட்டார். சில நாள் கழித்து ஒரு பேட்டியில் அஸ்வின், ஒரு காலத்தில் டீமில் எல்லோரும் நண்பர்கள், இப்போது சக ஊழியர்கள் என்று சொன்னார். எல்லோரும் அதை ஒரு புலம்பலாக எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அதில் புலம்பல் தெரியாது. தன் இடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன் பேச்சு அது.

எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ராயபுரத்திலிருந்து கொடுங்கையூருக்குக் குடி வந்த பிறகும், ராயபுரம் பாஷையையும் பீடியையும் மட்டும் விடவில்லை. அவர் இளவட்டமாக இருந்தபோது மேஸ்திரி ராஜ்ஜியம் என்பார். கேட் பக்கம் விடியற்காலையில் நிற்கணும். மேஸ்திரி விரல் நீட்டுகிறவனுக்கு வேலை, நீட்டாதவன் வீட்டுக்கு. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி, நேற்று எத்தனை மூட்டை தூக்கினான் என்பதும் கணக்கில்லை. இதை ஒழிக்கத்தான் 1948-ல் டாக் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் துறைமுகத்துக்குத் துறைமுகம் டாக் லேபர் போர்டு. பதிவு பண்ணிய ஆட்களுக்கு முறை வைத்து வேலை. இன்று இந்த கேங் போனால் நாளை அடுத்தது. முக்கியமான விஷயம், கப்பல் வராத நாளிலும் வந்து ஆஜர் கொடுத்தால் ஒரு தொகை உண்டு. தாத்தா அதை 'அட்டெண்டன்ஸ் காசு' என்பார்.

சின்ன வயசில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். வேலையே செய்யாததுக்கு எதற்குக் காசு என்று கேட்டேன். "டேய், நான் வந்து நின்னேன்ல? நின்னதுக்கு." அவர் அதில் ஒரு ஓட்டையையும் காணவில்லை. முறை என்று ஒன்று இருந்தது, தன் முறை எப்போது என்று தெரிந்திருந்தது, இல்லாத நாளில் வந்து நின்றதற்கும் ஒரு மரியாதை இருந்தது. பென்ஷன் வாங்கி, போர்டு துறைமுகத்தோடு இணைந்து போனபின்பும், அவர் அந்த போர்டைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசவிட மாட்டார். அதுதான் விசுவாசம் என்றால், அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சித்தப்பா கதை நேர் எதிர். மணலிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் பதினான்கு வருஷமாக காண்ட்ராக்ட். கேட் அதே கேட், மெஷின் அதே மெஷின். காண்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறும். பெயர் மாறும்போதெல்லாம் அவருடைய சர்வீஸ் முதல் நாளிலிருந்து தொடங்கும். ஒரு தடவை நைட் ஷிப்ட்டுக்குப் போனவரை கேட்டில் நிறுத்தி, லிஸ்ட்டில் பேர் இல்லை என்று செக்யூரிட்டி சொன்னான். சூப்பர்வைசர் போன் எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதும் யாரும் சொல்லவில்லை, ஏன் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பதும் சொல்லவில்லை. அந்த மூன்று நாள் கூலி போனதைப் பற்றி சித்தப்பா இப்போது பேசுவதே இல்லை. அந்த செக்யூரிட்டிப் பையன் முன்னால் டிபன் பாக்ஸோடு நின்றதைப் பற்றித்தான் பேசுவார்.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவரையும் சித்தப்பாவையும் ஒரே தட்டில் வைக்கிறானே என்று நீங்கள் கேட்கலாம். பணத்தைப் பொறுத்தவரை இந்திய போர்டு பெஞ்சை நன்றாகவே கவனிக்கிறது. டெஸ்ட் ஆட்டக் கட்டணம் 15 லட்சம், ஆடாமல் அணியில் இருப்பவருக்கு அதில் பாதி. 2024 மார்ச்சில் டெஸ்ட்டுக்கென்று ஒரு ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். சீசனில் பெரும்பாலான டெஸ்ட் ஆடுகிறவருக்கு ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கூடுதலாக 45 லட்சம் வரை, வெளியே உட்கார்ந்தவருக்கு அதிலும் பாதி. தாத்தாவின் அட்டெண்டன்ஸ் காசேதான், சைபர்கள் கூட. இல்லாமல் போனது முறை.

சரி, தேர்வாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கிலாந்திலோ தென்னாப்பிரிக்காவிலோ ஒரே ஒரு ஸ்பின்னருக்குத்தான் இடம் என்றால், எட்டாவது இடத்தில் யார் அதிக ரன் அடிப்பார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். ஜடேஜாவை எடுத்ததில் தப்பில்லை என்று நானே குரூப்பில் பலமுறை வாதாடியிருக்கிறேன். 2021 ஓவல் டெஸ்ட்டில் அஸ்வின் இல்லாமலேயே 157 ரன்னில் ஜெயித்தார்கள். டெஸ்ட் டீமில் யாருக்கும் பட்டா கிடையாது. வெளியே உட்கார வைப்பதை நான் குறை சொல்லவில்லை. எதற்காக உட்கார்கிறேன், எது செய்தால் மறுபடி உள்ளே வருவேன் என்பது ஆடுகிறவனுக்கே தெரியாமல் இருப்பதைத்தான் சொல்கிறேன். விக்கெட் எடுத்தால் இடம் கிடைக்கும் என்றால் எடுக்கலாம். எடுத்தும் கிடைக்காது என்றால்?

குல்தீப்பையே பாருங்கள். நம்பர் ஒன் என்று மைக்கில் பட்டம் வாங்கியவர். 2022 டிசம்பரில் சட்டோகிராமில் எட்டு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட்டில் அவரை உட்கார வைத்துவிட்டு, பன்னிரண்டு வருஷம் கழித்து உனத்கட்டைக் கொண்டுவந்தார்கள். (அந்த மிர்பூர் டெஸ்ட்டைக் கடைசியில் 42 ரன் அடித்துக் காப்பாற்றியது அஸ்வின். கிரிக்கெட்டுக்கு இந்த மாதிரி நக்கல் எல்லாம் நன்றாக வரும்.) 2025-ல் இங்கிலாந்து போன குல்தீப் ஐந்து டெஸ்ட்டிலும் ஒரு பந்து போடவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. 1999-ல் ஆன்டிகுவா. ஆஸ்திரேலியாவின் துணைக் கேப்டன் ஷேன் வார்ன், தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து திரும்பியவர், மூன்று டெஸ்ட்டில் இரண்டே விக்கெட். கேப்டன் ஸ்டீவ் வாஹ் அவரை எடுக்கவில்லை. தேர்வு நடந்த அறையில் வார்னும் இருந்தார், முகத்துக்கு நேராகவே பேச்சு நடந்தது. ஆஸ்திரேலியா 176 ரன்னில் ஜெயித்து தொடரை 2-2 என்று சமன் செய்தது. ஆக, முடிவு சரி. அப்படியும் வார்ன் சாகும்வரை அதை மன்னிக்கவில்லை, நண்பன் கைவிட்டான் என்றே சொன்னார். நேரில் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் வார்னுக்கு ஒரு சண்டை கிடைத்தது. எதிரில் ஒரு ஆள் இருந்தான், திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. சில மாதத்தில் அதே கேப்டனுக்குக் கீழே உலகக் கோப்பை அரையிறுதியிலும் இறுதியிலும் ஆட்ட நாயகன் ஆனார். சித்தப்பாவுக்கோ, போன் எடுக்காத சூப்பர்வைசர்.

நம்மூர் ஆஃப் ஸ்பின்னர்களுக்கு இது புதுசும் இல்லை. வெங்கட்ராகவன், கிண்டியில் இன்ஜினியரிங் படித்தவர், 1965-ல் இதே சென்னையில் டெஸ்ட்டுக்கு வந்தவர். பிரசன்னாவா வெங்கட்டா என்பதே அவர் வாழ்க்கை முழுக்க ஓடிய கேள்வி. 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்ட்டுக்கு அவர்தான் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் ஆடும் பதினொன்றில் அவரே இல்லை! 1979-ல் இங்கிலாந்துக்குக் கேப்டனாகப் போனார். ஓவலில் 438 ரன்னைத் துரத்தி 429-க்கு எட்டு விக்கெட்டில் நின்ற அந்த டெஸ்ட் அவர் தலைமையில் ஆடியதுதான். ஊர் திரும்பும் விமானத்தில், பைலட்டின் அறிவிப்பில்தான், இனி கேப்டன் கவாஸ்கர் என்பது தெரியவந்தது. சீட் பெல்ட் போடச் சொல்கிற அதே ஸ்பீக்கரில். 57 டெஸ்ட், 156 விக்கெட். பிறகு நடுவராக 73 டெஸ்ட்டில் நின்றார். அவரை விளையாட எடுத்ததைவிட நிற்க எடுத்தது அதிகம்.

அஸ்வினிடம் திரும்புவோம். விசுவாசக் கணக்கு பார்க்கிறவர்களுக்காக இரண்டு நாள்களைச் சொல்கிறேன். 2021 ஜனவரி, சிட்னி. முதுகு பிடித்துக்கொண்டு, ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாத மனிதர், தொடையில் காயம்பட்ட விஹாரியோடு சேர்ந்து கடைசி நாளைக் கடத்தினார். 128 பந்து, ஆட்டமிழக்காமல் 39. 2024 பிப்ரவரி, ராஜ்கோட். 500-வது விக்கெட் எடுத்த அன்று இரவே அம்மா உடம்புக்கு முடியாமல் சென்னைக்கு ஓடினார். நாலாவது நாள் திரும்பி வந்து ஃபீல்டுக்கு இறங்கினார். அதே வருஷம் செப்டம்பரில் சேப்பாக்கத்தில் பங்களாதேஷுக்கு எதிராக 113 ரன், ஆறு விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்து நியூசிலாந்து வந்து 3-0 என்று துடைத்துவிட்டுப் போனது. மூன்று டெஸ்ட்டில் இவருக்கு ஒன்பது விக்கெட்தான். நவம்பரில் பெர்த்தில் அஸ்வினும் இல்லை, ஜடேஜாவும் இல்லை. வாஷிங்டன் சுந்தர்.

அன்றே கிளம்பத் தயாராகிவிட்டார் என்றும், அடிலெய்டு பகலிரவு டெஸ்ட் வரை இருக்கும்படி தான்தான் கேட்டுக்கொண்டதாகவும் ரோஹித் பிறகு சொன்னார். அடிலெய்டில் ஒரு விக்கெட். பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று மேட்ச்சுக்கு மூன்று வேறு ஸ்பின்னர். தொடருக்கு நான் தேவைப்படவில்லை என்றால் போய்விடுகிறேன் என்பது ரோஹித் வழியாக நமக்குத் தெரிய வந்த அஸ்வினின் வாதம். அப்பா ஒரு டிவி சேனலில் மகனுக்கு நடந்தது அவமானம் என்று பேசிவிட, அப்பாவுக்கு மீடியாவிடம் பேசிப் பழக்கமில்லை, விட்டுவிடுங்கள் என்று மகன் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அந்த அப்பாவைப் பிடிக்கும். எங்கள் ஆயாவும் அந்த செக்யூரிட்டியைப் பற்றி அப்படித்தான் தெருவெல்லாம் பேசியது.

பாதியில் வந்தது சரி என்றே நினைக்கிறேன். மேஸ்திரியின் விரலுக்காக மெல்போர்ன் கேட்டில் போய் நிற்காமல், தன் நாளைத் தானே குறித்துக்கொண்டார்.

எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-ல் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனார். நெட்டில் பந்து போட்டுக்கொடுக்கிற ஆள், டீமில்கூட இல்லை. ஊரில் குழந்தை பிறந்தது, பார்க்க வரவில்லை. ஒவ்வொருத்தராகக் காயம்பட்டு விழ, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்காத மைதானத்தில் ஜெயித்த அணியில் அவர் இருந்தார். அப்புறம் முழங்கால் ஆபரேஷன். இன்றுவரை அது ஒன்றுதான் அவருடைய டெஸ்ட். ஊரில் தன் கைக்காசில் மைதானம் கட்டியிருக்கிறார். ஓய்வு அறிவிக்க ஒரு மேடை அவருக்கு வாய்க்காது. காண்ட்ராக்ட் முடிந்தால் யாரும் பிரஸ் மீட் வைப்பதில்லை.

அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்டில் நடராஜனோடு அறிமுகமான இன்னொருத்தர்தான் வாஷிங்டன் சுந்தர். முதுகு பிடித்து வெளியே இருந்த அஸ்வினின் வேலையைச் செய்ய வந்தவர், 62 ரன்னும் அடித்தார். அந்தப் பெயரின் கதை நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். அப்பா சுந்தர் திருவல்லிக்கேணியில் வசதியில்லாமல் கிரிக்கெட் ஆடியவர். பக்கத்தில் இருந்த பி.டி. வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அவருக்கு யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்தார், பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினார். ரஞ்சி உத்தேச அணி வரைக்கும் சுந்தர் போனார், அதற்கு மேல் இடம் கிடைக்கவில்லை. அந்த மனிதர் 1999-ல் இறந்தார். அதே வருஷம் பிறந்த மகனுக்கு சுந்தர் அவர் பெயரை வைத்தார்.

அந்த மகன் 2025 ஜூலையில் மான்செஸ்டரில் சதம் அடித்து டெஸ்ட்டைக் காப்பாற்றினார். நவம்பரில் கொல்கத்தாவில் அவரை மூன்றாவதாக இறக்கினார்கள். ஸ்பின் சுற்றிய பிட்ச்சில் 29, 31. அடுத்த வாரம் குவாஹாட்டியில் எட்டாவது. அன்று சித்தப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். 122-க்கு ஏழு விக்கெட். வாஷிங்டனும் குல்தீப்பும் நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். குல்தீப் 134 பந்துக்கு 19.

"இவன் போன மேட்ச்ல மூணாவதா வந்தான்ல?"

"ஆமா சித்தப்பா."

"இப்ப இன்னாத்துக்கு எட்டாவது?"

தெரியலை என்றேன்.

"அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டுவிட்டு, சோறு போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.